உணவும் நலமும்: எறிந்துவிடும் மீன்தோலும் விலைக்கு வாங்கும் பொடியும்

மயிலாப்பூர், சாந்தோம், பட்டினப்பாக்கம் ஆகிய பகுதிகளில் வாழ்வோருக்கு மீன் தொலைவிலிருந்து வரும் பண்டமன்று. நொச்சிக்குப்பத்துப் படகுகள் கரைசேரும் மணலுக்கு எதிரிலேயே, லூப் சாலையில், அது விற்பனைக்கு வந்துவிடுகிறது. சாலையோரத்தில் நடைபெற்றுவந்த அவ்வணிகத்துக்கென 366 கடைகள் கொண்ட நவீன மீன் அங்காடி ஒன்று 2024 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்டது. வஞ்சிரமோ வவ்வாலோ சங்கராவோ வாங்குகிறோம்; அங்கேயே வெட்டித் தரச் சொல்கிறோம். செதிலும் தோலும் முள்ளும் குடலும் கூடையில் விழுகின்றன. சதைத் துண்டங்கள் மட்டும் நம் பையில் ஏறுகின்றன. இக்காலத்து இளம் இல்லத்தரசியர் சிலர் தலையையும் வேண்டாமென்று விட்டுவிடுகின்றனர்.

அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள தியாகராய நகருக்கோ அடையாற்றுக்கோ சென்று, பெரிய மருந்துக் கடை ஒன்றின் அடுக்கைப் பாருங்கள். 'மீன் கொலாஜன்', 'கடல் பெப்டைட்' என்ற பெயர்களில் அழகிய டப்பாக்கள் வரிசையாக நிற்கும். தோல் சுருங்காது, மூட்டு தேயாது, முதுமை அண்டாது என்றெல்லாம் அவற்றின் விளம்பரங்கள் உறுதி கூறும். விலையோ, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல நாள் மீன் செலவுக்கு ஈடாகும்.

கூடையில் விழுந்த தோலும் டப்பாவில் அடைபட்ட பொடியும் அடிப்படையில் ஒரே பொருள்தாம். மீன் புரதத்தைத் தக்க முறையில் பக்குவப்படுத்தினால், ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் அதன் ஆற்றல் கூடுகிறது என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை மெய்ப்பிக்கப்பட்ட செய்தி. அப்பக்குவம் யாது? அதனால் நம் உடலுக்கு உண்மையில் விளைவது என்ன? அப்பொடி நமக்கு ஆகுமானதா? நம் அடுப்பங்கரையில் நாம் செய்யத்தக்கது எது? இம்மாதம் இவற்றைக் காண்போம்.

துருவும் காறலும்

இரும்பு துருப்பிடிக்கிறது. அரிந்த வாழைக்காய் கறுக்கிறது. நாட்பட்ட எண்ணெய் காறுகிறது. இவை யாவும் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பிற பொருள்களோடு வினைபுரிவதால் நேர்வன. நாம் உயிர்வாழ இன்றியமையாத அதே ஆக்ஸிஜன், உடலுக்குள் உணவை எரித்து ஆற்றலாக்கும்போது, நிலையற்ற சில துகள்களையும் தோற்றுவிக்கிறது. ஓர் எலெக்ட்ரான் குறைந்த இத்துகள்கள், அக்குறையை நிரப்பிக்கொள்ள அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகின்றன. தாக்குண்டது தானும் குறையுற்று அடுத்ததைத் தாக்குகிறது. இவ்வாறு அது ஒரு சங்கிலித் தொடராக வளர்கிறது.

அச்சங்கிலியை அறுப்பவையே ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிகள். அவற்றுள் சில, தம் எலெக்ட்ரானைத் தாமே ஈந்து தாக்குதலை நிறுத்துகின்றன. வேறு சில, வினையைத் தூண்டும் இரும்பு, செம்பு அணுக்களைப் பற்றிப் பிடித்து அடக்கிவிடுகின்றன. நம் உடல் தனக்கு வேண்டிய தடுப்பிகளுள் பலவற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறது. சி, இ முதலிய வைட்டமின்களை உணவிலிருந்து பெறுகிறது.

மீனுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்புண்டு. மீன் கொழுப்பின் சிறப்பே ஒமேகா 3 என்னும் கொழுப்பமிலங்கள். இதயத்துக்கு இதமான இவை, ஆக்ஸிஜனேற்றத்துக்கு மிக எளிதில் இரையாகக்கூடியவையும் ஆகும். கவலை, கானாங்கத்தை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்கள் விரைவில் காறல் வாடை வீசுவதன் காரணம் இதுவே.

புரதத்துள் பூட்டிக் கிடப்பது

நூறு கிராம் மீன் சதையில் ஏறத்தாழ 18 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிபோல் கோத்த நீண்ட நூல். அந்நூல் நேராக நிற்பதில்லை. நூற்கண்டுபோல் சுருண்டு மடிந்து கிடக்கிறது. ஹிஸ்டிடின், டைரோசின், டிரிப்டோபன், மெதியோனின் முதலிய மணிகளுக்கு எலெக்ட்ரான் ஈயும் தன்மையோ உலோகத்தைப் பற்றும் தன்மையோ உண்டு. ஆனால் அவற்றுட் பல கண்டின் உட்புறத்தில் புதைந்திருப்பதால் வெளியே வந்து வேலை செய்ய இயலுவதில்லை.

அந்நூலைத் தக்க இடங்களில் துண்டித்தால் என்ன ஆகும்? புதைந்திருந்த மணிகள் வெளிப்படும். இரண்டு முதல் இருபது வரை அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டுகளாக அப்புரதம் பிரியும். இத்துண்டுகளுக்குப் பெப்டைட் என்று பெயர். முழுப் புரதத்தைவிட இச்சிறு துண்டுகளே பெரும்பாலும் கூடுதலான தடுப்பாற்றல் காட்டுகின்றன.

எவரும் துண்டிக்காமலே இயற்கையில் அமைந்த சிறு பெப்டைட்களும் மீனில் உள்ளன. கார்னோசின், ஆன்செரின் என்பன அவை. இரண்டே அமினோ அமிலங்களால் ஆன இவற்றுள் ஆன்செரின் சூரை மீனில் மிகுதி. இவை நீரில் கரைவன. ஆகவே மீனைக் கொதிக்க வைத்தால் சாற்றில் இறங்கிவிடும். சதையை மட்டும் தின்று மீனாணத்தை ஒதுக்குவோர் இதனைக் கருத்திற் கொள்க.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது

புரதத்தைத் துண்டிக்கும் முறைகள் பல. கடும் அமிலத்திலோ காரத்திலோ வேகவைப்பது பழைய வழி. அது மலிவானது; ஆனால் முரட்டுத்தனமானது. அமிலம் டிரிப்டோபனை அழித்துவிடும். காரம் அமினோ அமிலங்களின் இயல்பையே திரித்துவிடும்.

இன்று சிறந்ததாகக் கருதப்படுவது நொதிகளைக் கொண்டு துண்டிக்கும் முறை. பப்பாளிப் பாலிலுள்ள பப்பைன், அன்னாசியிலுள்ள புரோமலின், பாசிலஸ் என்னும் நுண்ணுயிரிலிருந்து பெறப்படும் அல்கலேஸ், விலங்குகளின் இரைப்பையிலும் கணையத்திலும் சுரக்கும் பெப்சின், டிரிப்சின் ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. மீன் கழிவை அரைத்து நீர் சேர்ப்பர். அந்த நொதிக்கு உகந்த வெப்பத்தில், பெரும்பாலும் 50 முதல் 60 பாகை செல்சியஸ் அளவில், சில மணி நேரம் வைத்திருப்பர். பின்னர் 85 பாகைக்கு மேல் சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்வர். கொழுப்பையும் முள்ளையும் பிரித்தெடுத்து, தெளிந்த நீரைத் தூவி உலர்த்திப் பொடியாக்குவர்.

இங்கே அளவறிதல் முதன்மையானது. குறைவாகத் துண்டித்தால் ஆற்றல் வெளிப்படாது. அளவுக்கு மீறித் துண்டித்தால் தனி அமினோ அமிலங்களாகச் சிதைந்து, பெற்ற ஆற்றலும் குன்றக்கூடும், கசப்பும் ஏறும். எந்த மீன், அதன் எந்தப் பகுதி, எந்த நொதி, எத்தனை நாழிகை என்பதைப் பொறுத்தே பயன் அமைகிறது. நொதியைச் சேர்க்குமுன் ஒலியலைகளால் புரதக் கண்டைத் தளர்த்துதல், நுண்ணிய சவ்வின் வழியே வடித்துச் சிறு பெப்டைட்களை மட்டும் பிரித்தெடுத்தல், சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்குதல் ஆகியன ஆற்றலை மேலும் கூட்டும் வழிகளாக ஆராயப்பட்டு வருகின்றன.

அவ்வாற்றலை அளப்பது எங்ஙனம்? டி.பி.பி.எச். என்னும் ஊதா நிறக் கரைசல் ஒன்று உண்டு. தடுப்பாற்றல் உள்ள பொருளைச் சேர்த்தால் அதன் ஊதா வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடுவர்.

குழாயும் உடலும் ஒன்றன்று

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் ஊதா நிறம் வெளிறியது என்பதனால், அப்பொடியை உண்டவர் முகத்தில் சுருக்கம் மறையும் என்று முடிவு கட்ட இயலாது. விழுங்கிய பெப்டைட், இரைப்பையின் அமிலத்தையும் குடலின் நொதிகளையும் கடந்து, பின்னர் இரத்தத்தில் கலந்து, உரிய இடத்தை அடைய வேண்டும். வழியில் பெரும்பகுதி மேலும் துண்டாகிவிடும். கொலாஜன் பெப்டைட் உண்போருக்குத் தோலின் ஈரப்பதத்திலும் மூட்டு வலியிலும் ஓரளவு நன்மை தெரிந்ததாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. அவற்றுட் பல, அப்பொருளைத் தயாரிப்போரின் பொருளுதவியால் நடந்தவை என்பதையும் மறத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் நொதி செய்யும் அதே வேலையை நம் வயிறும் நாள்தோறும் செய்கிறது. பெப்சினும் டிரிப்சினும் நம் உடலிலேயே சுரக்கின்றன. நாம் உண்ணும் ஒவ்வொரு மீன் துண்டமும் உள்ளே பெப்டைட்களாகத்தான் பிரிகிறது. நல்ல செரிமானம் உள்ளவருக்கு வயிறே ஆய்வுக்கூடம்.

மேலும், கொலாஜன் ஒரு குறையுள்ள புரதம். உடலுக்குக் கட்டாயம் தேவையான டிரிப்டோபன் அதில் அறவே இல்லை. கொலாஜன் பொடியைக் கரைத்துக் குடித்துவிட்டு, மீனும் முட்டையும் பருப்பும் உண்டதற்கு ஈடாகிவிட்டது என்று எண்ணுவது பிழை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடற்கட்டுக்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்குமாறே கூறுகிறது.

அவ்வாறாயின் இவ்வாராய்ச்சி வீணா? அன்று. எண்ணெய்ப் பண்டங்கள் காறாமல் காக்கச் செயற்கை வேதிப்பொருள்களுக்கு மாற்றாக இப்பெப்டைட்கள் பயன்படக்கூடும். செரிமானம் குன்றிய நோயாளிகளுக்கு எளிதில் ஏற்கும் புரதமாகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கழிவாக எறியப்படுவதற்கு ஒரு மதிப்பு உண்டாகிறது. மீனின் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கு மேலும்கூடக் கழிவாகப் போகும்போது, இது சிறிய செய்தியன்று.

சென்னைக்குரிய பெருமை

கொலாஜன் என்பதன் உருவத்தை உலகுக்கு முதலில் காட்டியது இந்நகரம்தான் என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒன்று. கிண்டியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, மூன்று சுருளிழைகள் இணைந்த கயிறுபோன்றது கொலாஜன் என 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் கங்காருவின் வால் தசைநார். அண்டையில், அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அது கிடைத்தது. மீன் தோலிலும் செதிலிலும் இருப்பது அதே முறுக்குக் கயிறுதான். அதனைச் சூட்டால் தளர்த்தினால் ஜெலட்டின். நொதியால் துண்டித்தால் கொலாஜன் பெப்டைட்.

1987-இல் நிறுவப்பெற்று, இப்போது சாந்தோம் நெடுஞ்சாலையில் இயங்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், மீன் வெட்டும் கழிவுகளை நீராற்பகுத்து, 'பிளாங்டன் பிளஸ்', 'ஹார்ட்டி பிளஸ்' என்னும் இரு திரவங்களை உருவாக்கியுள்ளது. முன்னது இறால், மீன் குளங்களில் நுண்ணுயிர் உணவைப் பெருக்குவது; பின்னது செடிகளுக்கு ஊட்டமாவது. இவற்றை மீனவர் குழுக்களே தயாரிக்கும் வகையில் பயிற்சியும் தரப்பட்டுள்ளது. கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமோ மனிதர் உண்ணத்தக்க மீன் புரதப் பெப்டைட்களையும் கொலாஜனையும் ஆக்கும் முறைகளை வகுத்துத் தந்துள்ளது. கடற்கரையில் காலை முதல் மாலை வரை மீன் வெட்டிப் பிழைக்கும் பெண்களின் கூடையில் விழும் தோலுக்கும் செதிலுக்கும் ஒரு விலை கிடைக்குமாயின், அதனினும் பெரிய நற்பயன் இவ்வாராய்ச்சிக்கு வேறு என்ன வேண்டும்?

ஆகுமானதா என்று அறிதல்

மீன் அறுக்கப்படாமலே நமக்கு ஹலாலானது. ஆதலால் 'மீன்' என்ற சொல்லைக் கண்டதும் ஐயமின்றி வாங்கிவிடுகிறோம். ஆனால் பக்குவப்படுத்திய பொருளில் மூலப்பொருள் மட்டும் பார்த்தால் போதாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, கொலாஜன் எந்தப் பிராணியிலிருந்து? 'கொலாஜன் பெப்டைட்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது மாட்டினுடையதாகவோ பன்றியினுடையதாகவோ இருக்கக்கூடும். டப்பாவின் மேலுள்ள பழுப்பு நிறப் புலால் குறி, அது புலால் என்று மட்டுமே சொல்லும். எந்தப் பிராணி என்று சொல்லாது.

இரண்டாவது, எந்த நொதியால் துண்டிக்கப்பட்டது? பப்பைனும் புரோமலினும் தாவரத்திலிருந்து வருவன. வணிகத்தில் கிடைக்கும் பெப்சினோ பெரும்பாலும் பன்றியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. டிரிப்சினும் பன்றி அல்லது மாட்டின் கணையத்திலிருந்து வரலாம்.

மூன்றாவது, எதில் அடைக்கப்பட்டது? உள்ளே இருப்பது தூய மீன் எண்ணெயாயினும், மாத்திரையின் மென்கூடு மாட்டு அல்லது பன்றி ஜெலட்டினால் ஆனதாக இருக்கக்கூடும். மீன் ஜெலட்டினாலும் தாவரப் பொருளாலும் செய்த கூடுகளும் கிடைக்கின்றன.

நம்பத்தகுந்த ஹலால் சான்று உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். விடை தெளிவாக இல்லாதபோது ஆலிம்களை அணுகி அறிந்துகொள்ளுங்கள்.

நம் அடுப்பங்கரையில்

மீன் புரதத்தின் நன்மையைக் காப்பதும் கெடுப்பதும் பெரிதும் நம் கையில்தான் இருக்கிறது. சகோதரிகள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிப்பது நலம்.

1. மீனுக்கு முதல் மருந்து பனிக்கட்டி. நம் நாட்டு வெப்பத்தில் ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு பனிக்கட்டி வேண்டும் என்பது துறையினர் கூறும் அளவு. வாங்கியதும் வேறு கடைகளுக்குச் சுற்றாமல் வீடு திரும்புக. சூரை, கானாங்கத்தை ஆகியவற்றில் ஹிஸ்டிடின் மிகுதி. நல்ல பக்குவத்தில் காப்பாக அமையும் அதே ஹிஸ்டிடின், மீன் வெயிலில் கிடந்தால் நுண்ணுயிர்களால் ஹிஸ்டமின் என்னும் நஞ்சாக மாறுகிறது. முகம் சிவத்தல், அரிப்பு, தலைவலி, வாந்தி ஆகியன அதனால் வரும். எவ்வளவு வேகவைத்தாலும் அந்நஞ்சு அழியாது.

2. தலையையும் தோலையும் முள்ளையும் வீசாதீர்கள். தலையை ஆணமாக்குக, நடுமுள்ளையும் தோலையும் இஞ்சி, பூண்டு, மிளகோடு மெல்லிய தீயில் கொதிக்கவைத்து வடித்தால் நல்ல சாறு கிடைக்கும். ஆறியபின் அது சற்றே உறைவதைக் காண்பீர்கள். அந்த உறைவுதான் கொலாஜன் தளர்ந்து உண்டான ஜெலட்டின்.

3. மஞ்சள், மிளகு, பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றை அரைத்துத் தடவி வைக்கும் நம் பாட்டிமாரின் வழக்கம் வெறும் சுவைக்காக மட்டுமன்று. இவற்றிலும் ஆக்ஸிஜனேற்றத் தடுப்பிகள் உண்டு. சமைக்கும்போது மீனின் கொழுப்பு காறாமல் இவை ஓரளவு காக்கின்றன.

4. ஆணமும் ஆவியில் வேகவைத்தலும் முதலிடம் பெறுக. எண்ணெயில் மூழ்கப் பொரித்தல் எப்போதாவது இருக்கட்டும். பொரித்த எண்ணெயையே மீண்டும் மீண்டும் காய்ச்சுவது, காக்க வேண்டிய உணவைக் கொண்டே உடலைத் தாக்குவதாகும். கெட்ட சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கலாகாது என்பது 2018 முதல் நாட்டின் சட்டமாகவும் உள்ளது.

5. கருவாட்டில் புரதம் செறிந்துள்ளது மெய்யே. ஆயினும் உப்பும் வெயிலும் காற்றும் சேர்ந்து அதன் கொழுப்பைக் காறச் செய்கின்றன. மஞ்சள் பூத்த, காறல் வாடை வீசும் கருவாட்டைத் தவிர்க்க. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை மிகக் குறைத்துக்கொள்க. காயல்பட்டினத்துக் குடும்பங்கள் நன்கறிந்த மாசி, சூரையை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்துவதாகும். புகையிலுள்ள சில பொருள்கள் காறலைத் தடுப்பினும், அதே புகையில் தீயனவும் உண்டு. ஆதலால் மாசி சம்பலுக்குச் சிறிதளவாகவே இருக்கட்டும்.

6. சிறுநீரக நோய் உள்ளவர்களும், யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குபவர்களும், மீன் ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் எந்தப் புரதப் பொடியையும் உண்ணலாகாது.

முடிவாக

மீனின் புரதத்துள் காக்கும் ஆற்றல் உண்டு என்பதும், அறிவோடு பக்குவப்படுத்தினால் அது கூடும் என்பதும் உண்மை. ஆனால் அவ்வாற்றலின் பெரும்பகுதி, புதிதாக வாங்கி, பனியில் காத்து, முழுமையாகச் சமைத்து, குடும்பத்தோடு உண்ணும் மீனிலேயே நமக்குக் கிடைத்துவிடுகிறது. கவலையும் நெத்திலியும் காரப்பொடியும் வஞ்சிரத்துக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவையல்ல. விலையுயர்ந்த டப்பாவுக்குச் செலவிடும் பணத்தில் வாரம் இருமுறை சிறுமீன் வாங்கினால் வீட்டிலுள்ள அனைவருக்கும் ஊட்டம். கடற்கரைப் பெண்ணுக்கும் அன்றைய வருமானம். அடுத்த முறை மீன் வெட்டும்போது, "தலையும் தோலும் சேர்த்தே கொடுங்கள் அம்மா" என்று கேட்டு வாங்குங்கள்.